நிக்காமப் போன வெங்காய வண்டி

நாலு சின்ன வெங்காயம் உரிக்கிறது, ஒரு வரி எழுதுறது. இப்படித்தான் போவுது. காகிதம் அங்கங்க நனைஞ்சிருந்தா நான் அழுததா நெனைக்க வேணாம்.

முத்தியால்பேட்டைக்கு வடக்கே, எங்க வாசலுக்கு எதிர்ல, ரோட்டுக்குக் குறுக்கே ஒரு சுங்கக் கட்டை உண்டு. பிரெஞ்சுக்காரங்க போயி வருஷம் ஒண்ணாச்சு. கொடி மாறிச்சு, கட்டை மாறல. பாரீசுல இன்னும் ஒரு கையெழுத்து பாக்கியாம். அதனால சட்டப்படி எங்க தெரு அயல்நாடு. திண்டிவனத்து வெங்காயம் கட்டையத் தாண்டினா சர்வதேச வாணிபம். கட்டை அதிகாரி அரிகிருஷ்ணன் சொல்லித்தான் நான் அயல்நாட்டுல குடித்தனம் பண்றதே எனக்குத் தெரியும்.

போன மாசம் அவருக்கு ஒரே தபால்ல ரெண்டு உத்தரவு வந்துச்சு. ‘தேசப் பாதுகாப்பை முன்னிட்டு எந்த மூட்டையும் சோதிக்கப்படாமல் எல்லையைக் கடக்கலாகாது.’ ‘வாணிப வளர்ச்சியை முன்னிட்டு எந்த வண்டியும் எல்லையில் நிறுத்தப்படலாகாது.’ ரெண்டுக்கும் கீழ ஒரே கையெழுத்து.

அன்னிக்கு மத்தியானம் பக்கத்து வீட்டுப் பக்கிரி அண்ணன் மாட்டு வண்டியில இருபது மூட்டை வெங்காயத்தோட வந்தாரு. மொதலாளி ஆதிமூலத்தோட சரக்கு. நாலு மணிக்குக் கொழும்புக் கப்பல். ஏற்கெனவே ரெண்டு தடவ இந்தக் கட்டையில காத்துக் கெடந்து கப்பல விட்டாச்சு. இதையும் விட்டா வேற வேலை பாத்துக்கன்னு மொதலாளி சொல்லிட்டாரு.

“முசியே, கொஞ்சம் சீக்கிரம் பாத்து விடுங்க,” ன்னாரு அண்ணன், பழைய பிரெஞ்சுக்காரப் பழக்கத்துல.

“நிக்காதய்யா. ஓட்டு.”

“அப்போ மூட்டையப் பாக்க வேணாமா?”

“பாக்காம எப்படி விடுறது? நீ ஓட்டு, நான் பாக்கறேன்.”

அதிகாரி பூட்சு காலோட வண்டியில ஏறி மொத மூட்டைய அவுத்தாரு. அடியில என்ன இருக்குன்னு பாக்கணும்னா மேல இருக்கறத எடுக்கணுமே. எடுத்தாரு. வைக்க எடமில்ல, ரோட்டுல போட்டாரு. அடியிலயும் வெங்காயமாவே இருந்துச்சு. சந்தேகம் பலமாயிடுச்சு, அடுத்தடுத்த மூட்டையையும் அவுத்தாரு.

வண்டி போவுது, பின்னால வெங்காயம் உருளுது. அண்ணன் குதிச்சிப் பொறுக்கப் போனாரு.

“தொடாத. விழுந்தது எல்லை தாண்டின சரக்கு. திரும்ப மூட்டையில போட்டா மறு ஏற்றுமதி. அதுக்குத் தனி மனு.”

“அப்போ ரோட்டுலயே கெடக்கட்டுங்களா?”

“அது முனிசிபல் விஷயம். என் இலாகா இல்ல.”

முனிசிபல் விஷயத்த எங்க தெருப் பொம்பளைங்க கவனிச்சிக்கிட்டோம். முறம், கூடை, முந்தானை, பாப்பாவோட தொட்டில் துணி. அன்னக்கிளி அக்கா அண்டாவையே இழுத்துக்கிட்டு வந்தாங்க. அதிகாரி வீட்டு அம்மா ரெண்டு கூடையோட வந்து, “ரோடு சுத்தமா இருக்கணும் பாருங்க,” ன்னாங்க. ஆமாங்கம்மான்னோம்.

மூணரைக்கே வண்டி சரக்கு ஏத்துற கப்பல் பாலத்துக்குப் போயிடுச்சு. கட்டை போட்ட நாள்லேர்ந்து இவ்வளவு வெரசா எந்த வண்டியும் போனதில்ல. இருபது சாக்கும் அதிகாரி கையால வாய் தச்சி, அரக்கு முத்திரையோட இருந்துச்சு. கப்பல் குமாஸ்தா முத்திரைய எண்ணிப் பாத்து ஏத்திக்கிட்டாரு. அரிகிருஷ்ணன் மேலிடத்துக்கு எழுதினாரு: ‘வண்டி ஒரு நிமிடமும் நிறுத்தப்படவில்லை. மூட்டைகளில் மறைத்து வைக்கப்பட்ட பொருள் யாதொன்றும் இல்லை.’ ஒரு வார்த்தை பொய் கெடையாது. மெடல் குடுக்கப் போறாங்களாம்.

நேத்து கொழும்புலேர்ந்து தந்தி: ‘சாக்கு கிடைத்தது. வெங்காயம் எப்போது?’ இன்னிக்குக் காலையில பக்கிரி அண்ணனுக்கு வேலை போச்சு. அநியாயம்னு தெருவே பேசுது, எல்லா வீட்டு அடுப்புலயும் வெங்காயம் வதங்குற வாசனையோட. நானுந்தான் சொன்னேன். அடுத்தவன் சோத்துல மண்ணப் போடுறமேன்னு இந்த அதிகாரிங்களுக்குக் கொஞ்சமாவது மனசு உறுத்த வேணாமா?

வாசல்ல யாரோ கூப்புடுறாங்க. பக்கிரி அண்ணன் சம்சாரம், தையல்நாயகி அண்ணி. “ஏம்மா, கொழம்புக்கு ரெண்டு வெங்காயம் இருந்தா குடேன்.”

இதோ வந்துட்டேன் அண்ணி. மொதல்ல இந்த முறத்தக் கட்டிலுக்கு அடியில…