ஒற்றைக் கதிரையும் ஐந்து வருட வைப்பும்

வாழ்க பாக்கியரத்தினம்! வட்டி வீதங்களை வேட்டையாடுவோன், பணவீக்கப் பெரும்படையை எதிர்கொள்வோன், துறைமுகத்தில் முப்பது வருடம் பாரந்தூக்கி இயக்கி ஓய்ந்த தோளினன், கழுத்திலே தொலைநோக்கி துலங்கும் தோன்றல்! ஆழம் மிகுந்த திருகோணமலைக் குடாவே, அலையடங்கி நின்று அவன் போரைக் கேட்பாயாக!

ஓய்வுகாலப் பணம் முழுவதையும் விழுங்கிக் கிடந்த அவனது நிலையான வைப்பு, அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு முதிர இருந்தது. அதற்குள் வங்கிக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும்: ஐந்து வருடமா, மூன்று மாதமா? கடல்களுக்கு அப்பால் மத்திய வங்கிகள் வட்டியை ஏற்றியும் இறக்கியும் உலகச் சந்தைகளை ஊஞ்சலாட்ட, நிபுணர்கள் ஆளுக்கொரு திசை காட்ட, நம் வீரன் தன் கண்களையே நம்பினான். குடாவின் அக்கரையில் சீனக்குடா மாவு ஆலைக்குக் கோதுமைக் கப்பல் இரண்டு வந்தால் பாண் விலை இறங்கும். பாண் இறங்கினால் பணவீக்கம் படுக்கும். அது படுத்தால் வட்டியும் விழும். ஆகவே இன்றைய வட்டியை ஐந்து வருடத்துக்குக் கட்டிப்போட வேண்டும். கப்பல் இல்லையேல் மூன்று மாதம்.

நின்றால் துணிக்கடைப் பலகை மறைக்கும் அக்கப்பல்களை, இருந்து காணத்தக்க ஆசனம் அத்தெருவில் ஒன்றே: முனீபின் தேநீர்க்கடை யன்னலோரக் கதிரை. ஐயகோ! இரண்டரை மணிக்கு அதிலே, ஜும்ஆ தொழுகை முடித்து, பிரியாணி உண்டு, மின்விசிறியின் கீழ் மலைமேல் மேகமெனப் படிந்திருந்தான் சீமெந்துக்கடை வேந்தன் ஸைனுலாப்தீன்.

“நானா, பத்து நிமிசம் எழும்புங்கோ. வட்டி பாக்கோணும்.”

“எங்களுக்கு வட்டி ஹராம், பாக்கியம். காத்து ஹராமில்ல.”

இடியேறு தாக்கிய பனையென நின்றான் பாக்கியரத்தினம். பின்னர் கைகழுவ எழுந்த வேந்தன், கதிரைமேல் தன் கைக்குட்டையாம் லேஞ்சியை விரித்துச் சென்றான். பேருந்தாயினும் கடையாயினும் லேஞ்சி விரித்த ஆசனம் விரித்தவர்க்கே உரியது அன்றோ! வெற்றிக்கொடியெனக் கிடந்த அந்த நீலக்கட்டத் துணியை நோக்கி நீண்ட வீரனின் கை, நாணி மீண்டது.

“எடுக்கல்லையே! நல்ல மனிசன்,” என்று திரும்பி வந்து அமர்ந்தான் ஸைனுலாப்தீன். “சரி, கதைய சொல்லுங்க. வெளங்கினா எழும்புறன்.”

அப்போது முழங்கினான் பாக்கியரத்தினம்! வளைகுடா எண்ணெயில் தொடங்கி, தங்கத்தில் ஏறி, டொலரில் தாவி, கருங்கடல் கோதுமை வயல்களில் உருண்டு, உலகின் கடன்பத்திரங்கள் யாவும் முனீபின் பாண் பெட்டிக்கு முன் மண்டியிடும்வரை அவன் பேசப் பேச, கோப்பைகள் அதிர்ந்தன, ஈக்களும் இறகடக்கின.

“மெதுவா, மெதுவா! கடைக்குள்ள உலகச் சந்தையே வந்திட்டு,” என்றான் முனீப்.

வேந்தனின் கண்கள் கலங்கின. “ஓம், வெளங்கிற்று. இருங்க பாக்கியம், இருங்க!” என்று எழுந்து, தன் லேஞ்சியாலேயே கதிரையைத் துடைத்துக் கொடுத்தான்.

அரியணை ஏறினான் வீரன்! தொலைநோக்கி உயர்ந்தது. நீலப் பெருவெளியில், யானைகள் இரண்டு நீராடுவதுபோல், ஒன்று, ஓ, இரண்டு கோதுமைக் கப்பல்கள்!

“ஐந்து வருடம்!” என்று திசைகள் எட்டும் செவிடுபடக் கூவி, அவன் தொலைபேசியை உருவினான்.

மூன்று மணிவரை பதில் வராததால் வைப்பை மறுபடி மூன்று மாதத்துக்குப் போட்டுவிட்டதாக வங்கி குறுஞ்செய்தி அனுப்பியிருந்தது.