ஆங்கிலம் போதாத மாணவி

பாரபட்சத்தைப் பூண்டோடு ஒழித்த பள்ளி என்று கலிபோர்னியாவில் ஒன்று உண்டென்றால், அது பீச் பழத் தோட்டங்களுக்கு நடுவே நிற்கும் அந்த உயர்நிலைப் பள்ளிதான். ஒழிப்பதற்கென்றே 'சமத்துவக் குழு' ஒன்றை வைத்திருந்தார்கள். அது மாதம் இருமுறை கூடும். டோனட் தீர்ந்ததும் கலையும்.

அந்தக் குழுதான் ஆழ்ந்து பரிசீலித்து, யதீரா பர்ரகானை மூன்றாவது ஆண்டாக 'ஆங்கிலம் வளரவேண்டிய மாணவி'யாக அறிவித்தது. பெயரும் வீட்டுப் பேச்சும் ஸ்பானிஷ் என்றாலும், யதீரா அந்த ஊரிலேயே பிறந்தவள். கனவில் திட்டுவதுகூட ஆங்கிலத்தில்தான். ஆனாலும் மற்றவர்கள் வேதியியல் படிக்கும் நேரத்தில் அவள், "இது ஆப்பிள், அது நாற்காலி" என்று சொல்லி வளர்ந்துகொண்டிருந்தாள். மருந்தாளுநர் ஆக வேண்டுமென்பது அவள் ஆசை. வேதியியல் இல்லாமல் அந்தப் படிப்புக்குள் நுழைய முடியாது. முறையிட்டு மூன்று கடிதம் எழுதினாள். இவ்வளவு நல்ல ஆங்கிலத்தை வேறு யாரோதான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்று குழு மூன்றையும் தள்ளியது.

பெற்றோர் கூட்டம் வந்தது. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஸ்பானிஷ்தான் தெரியும். ஏற்பாடு செய்திருந்த மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. அம்மாவோடு வந்து அலுவலகத்தார் கண்ணில் பட்ட யதீராவை மேடையேற்றினார்கள். முதல்வர் விட்லாக் ஒரு மணி நேரம் சமத்துவம் பொழிந்தார். அவள் ஒரு துளி சிந்தாமல் ஸ்பானிஷில் தந்தாள்.

கேள்வி நேரத்தில் அவள் அம்மா நெரெய்தா, பழக்கிடங்கு வேலை உடுப்போடு எழுந்து நின்றாள்.

"உன்னை எப்போ கெமிஸ்ட்ரி கிளாஸ்ல சேர்ப்பாராம்? மழுப்பாம கேளுடி!"

யதீரா முதல்வர் பக்கம் திரும்பினாள். "தன் மக யதீரா பர்ரகானை எப்போ கெமிஸ்ட்ரி கிளாஸ்ல சேர்ப்பீங்கன்னு இந்த அம்மா கேக்குறாங்க சார்."

விட்லாக் 'ஆங்கிலம் வளரவேண்டிய' மாணவர் பட்டியலில் விரலை ஓட்டினார். குரலைத் தணித்தார்.

"பாவம், அந்தப் பொண்ணுக்கு இங்கிலீஷ் சுத்தமா வராதும்மா. உன்னை மாதிரி பேசினா இன்னைக்கே சேர்த்துடுவேன். அவங்க மனசு நோகாம எடுத்துச் சொல்லு."

யதீரா எடுத்துச் சொன்னாள். கூடமே அதிரச் சிரித்தது. நெரெய்தா மட்டும் சிரிக்கவில்லை.

"எதுக்குச் சிரிக்கிறாங்க?" என்றார் விட்லாக். "தப்பா சொல்லிட்டியா?"

"இல்ல சார். நீங்க சொன்னதை அப்படியே சொன்னேன். அந்தப் பொண்ணு நான்தான்."

விட்லாக் அவளைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார். எதிரே ஒலிவாங்கி இருப்பதை மறந்தார்.

"ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுப் பேசிப் பார்க்கவா முடியும்? பேரு பர்ரகான்னு இருந்துச்சு, லிஸ்ட்ல சேர்த்துட்டோம்!"

அதை மொழிபெயர்க்கச் சொல்லி அந்தக் கூடத்தில் ஒருவரும் கேட்கவில்லை.