அப்புக்காத்து குடித்த கிணற்றுத் தண்ணீர்

திருகோணமலை நீதிமன்றத்தில் பொய் சொல்லித் தப்பியவர்கள் எத்தனையோ பேர். அப்புக்காத்துவிடம் பொய் சொல்லித் தப்பியவர் ஒருவர்கூட இல்லை. அவர் கறுப்புக் கோட்டுப் போட்ட அப்புக்காத்து அல்ல. உட்துறைமுகத்துக்குக் கிட்டக் கார் திருத்துகிறவர். ஆனால் ஒரு காரைத் தொடுவதற்கு முன்னால், சொந்தக்காரரை மட்கார்டுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து வழக்கறிஞர் மாதிரிக் குறுக்கு விசாரணை செய்வார். அதனால் ஊர் வைத்த பெயர் அது; ஊர்ப் பேச்சில் அப்புக்காத்து என்றால் வழக்கறிஞர்தான். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்ததோ தெரியாது.

"கார் தானாப் பழுதாகாது ஐசே. ஆரோ என்னவோ செய்திருக்கிறியள். அதை முதல்ல சொல்லுங்கோ" என்பார். சொல்லும் வரைக்கும் ஸ்பானர் பையை விட்டு வெளியே வராது. நிஜமான வழக்கறிஞர் ஒருவர் எஞ்சின் கொதிக்கிறது என்று வந்து, அரை மணித்தியாலம் மறுத்துப் பார்த்துவிட்டு, றேடியேற்றருக்குள் இளநீர் ஊற்றியதை ஒப்புக்கொண்டார். ஊரின் பாவங்களையெல்லாம் கேட்கிற பங்குச் சுவாமியாரே, கன்னியர்மடத்துப் பூச்சட்டிகளின் மேல் காரைப் பின்னுக்கு எடுத்ததைச் சொல்லி அவர் முன்னால் தலைகுனிந்து நின்றார். நான் கண்ணால் கண்டவன்.

என்னுடைய முறை அறுபதுகளின் கடைசியில் வந்தது. நான் அப்போது துறைமுகத்தில் கிளாக்கர். அப்பாவிடம் ஒரு பழைய கறுப்புக் கார் இருந்தது. அதை அவர் பிள்ளையாருக்கு அடுத்தபடியாகக் கும்பிட்டு வந்தார். எனக்குப் பெண் பார்க்கவென்று சாதகக் கட்டு ஒன்றையும் அலுமாரியில் சேர்த்து வைத்திருந்தார். நானோ மூதூரில் படிப்பித்த பிலோமினா ரீச்சரிடம் மனதைக் கொடுத்துவிட்டு, அவர் கிறிஸ்தவப் பெண் என்பதால் வீட்டில் சொல்ல வாயில்லாமல் திரிந்தேன்.

ஒரு சனிக்கிழமை, நிலாவெளியில் கூட்டாளி வீட்டுக்கு என்று சொல்லிக் காரை வாங்கிக்கொண்டு மூதூருக்கு ஓடினேன். அந்த வழியில் கிண்ணியாவில் காரைப் 'பாதை'யில் ஏற்றித்தான் அக்கரை போகவேண்டும். வாகனங்களைச் சுமக்கிற அந்தப் பெரிய மிதவையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். கடைசியாக ஏறிய கார் என்னுடையது. பின்பக்கம் பலகையின் விளிம்பில் நின்றது. அலை அடித்த ஒவ்வொரு முறையும் உவர்த் தண்ணீர் காருக்கு அடியில் ஏறியது.

"தம்பி, ஹான்ட்பிரேக்கை இழுக்காதேங்கோ! சில்லுக்குக் கட்டை வைச்சிருக்கு!" என்று பாதைக்காரர் கத்தினார். எனக்குக் கட்டையில் நம்பிக்கை வரவில்லை. இழுத்த இழுப்பில் பிரேக் கிறீச்சிட்டது. வீட்டுக்கு வந்தும் அதே மாதிரி இழுத்து நிறுத்திவிட்டு, நல்ல பிள்ளையாகச் சாப்பிடப் போனேன். ஒரு கிழமை கார் அசையவில்லை.

அடுத்த சனிக்கிழமை அப்பா ஸ்டார்ட் பண்ணினார். எஞ்சின் உறுமியது. பின்பக்கம் நிலத்தில் குந்திக்கொண்டு வரமாட்டேன் என்றது. அப்பா உடனே அப்புக்காத்துவுக்கு ஆள் அனுப்பினார். எனக்குக் காய்ச்சல் வரும் போல இருந்தது.

சைக்கிளில் வந்து இறங்கிய மனிதர் என்னை மட்கார்டுக்குப் பக்கத்தில் நிற்பாட்டினார்.

"கடைசியா ஓட்டினது ஆர்?"

"நான்."

"எங்கை போனனீர்?"

"நிலாவெளிக்கு."

"தண்ணிக்குள்ள இறக்கினனீரோ?"

"இல்லை."

ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு வேலையில் இறங்கினார். காரின் பின்பக்கத்தை ஜக் வைத்துத் தூக்கினார். பின்சில்லு இரண்டும் அசையவில்லை. சில்லுக்குப் பின்னாலிருந்த சின்னத் திருகைத் தளர்த்திப் பிரேக் எண்ணெயை ஒழுகவிட்டார். அப்போதும் அசையவில்லை. "எண்ணெயில குற்றம் இல்லை" என்று தீர்ப்புச் சொன்னார். ஹான்ட்பிரேக்கை முழுதாக இறக்கச் சொல்லிவிட்டு அடியில் புகுந்தார். மேலே பிடி இறங்கிக் கிடக்க, கீழே அதன் கேபிள் மட்டும் விறைத்தபடி நின்றது. உறைக்குள்ளே கறள் பிடித்து, துருவேறி இறுகிவிட்டது.

வெளியே வந்தவரின் விரல் நுனியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அதை நாக்கில் வைத்தார். உப்பு! அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது எனக்கும் விளங்கிவிட்டது. அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் கூப்பினேன்.

அப்புக்காத்து தொண்டையைச் செருமினார். "ஐயா, உங்கட கிணறு உவர் போல கிடக்கு. காரைக் கழுவிக் கழுவி உப்புப் பிடிச்சிட்டுது."

வாழ்நாளிலேயே அவர் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கவேண்டும். போயும் போயும் கிணற்றில் கை வைத்தார்.

"என்ர கிணறோ உவர்? ரவுணில பாதிச் சனம் குடிக்கிற தண்ணி!" அப்பா ஓடிப்போய் அள்ளி, செம்பு நிறைய ஊற்றி அவர் கையில் திணித்தார். "குடிச்சுப் போட்டுச் சொல்லும்!"

குடித்தார். வாயைத் திறந்தார். மூடினார்.

"கொஞ்சம்... கொஞ்சம் உவ..." என்று இழுத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "கற்கண்டு மாதிரிக் கிடக்கு ஐயா" என்றார்.

ஊரையே கூண்டில் ஏற்றிய மனிதர் செம்பும் கையுமாக அப்படி முழித்துக்கொண்டு நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை.

"அப்பா, நான் மூதூருக்குப் போனனான். பாதையில ஏத்தினனான். பிலோமினா ரீச்சரைப் பார்க்க."

அப்பா காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"வேதக்காரரோ?"

"ஓம் அப்பா."

"அதுக்கு ஏன்ரா என்ர காரை உப்புத் தண்ணிக்குள்ள விட்டனி?"

அப்பா குனிந்து பின்சில்லைத் தட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல் அப்புக்காத்துவிடம் கேட்டார்.

"இனியும் பாதையில ஏத்தினால் இது தாங்குமோ?"

"கட்டையை வைச்சு, பிரேக்கை விட்டால் தாங்கும் ஐயா."

"அப்ப வெள்ளிக்கிழமைக்கிடையில ஆயத்தப்படுத்தும். பெட்டையின்ர தகப்பனை நான் ஒருக்காப் பார்க்கவேணும்."

அப்பா உள்ளே போனதும், கேபிளுக்கு மண்ணெண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவரின் குரல் காருக்கு அடியிலிருந்து வந்தது. "உமக்கு என்ன அவசரம் ஐசே? இன்னும் ரெண்டு நிமிசம் தந்திருந்தால் நான் சமாளிச்சிருப்பன்!"

சமாளித்திருக்கவே மாட்டார். அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது. வராத ஒன்றை எனக்காகச் சொல்லிப் பார்த்தாரே என்று நினைக்கும்போது, பிலோமினாவுக்குத் தெரியாமல் இன்றைக்கும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன்.