மேடேறிய கல்

ஈரச் சவுக்கார வாசனை எங்கே எழுந்தாலும் எனக்குத் துணி ஞாபகம் வருவதில்லை. நுரை ஐயாதான் வருகிறார். கொத்மலைச் சரிவுகளில் அவர் அளக்காத மண்ணை மழைகூட நனைத்திருக்காது. இரத்தம் குடிக்கும் அட்டைக்கு மட்டும் பயந்த நில அளவையாளர். முழங்கால்வரை சவுக்காரம் பூசாமல் எந்தக் காணிக்குள்ளும் இறங்கமாட்டார். தூறல் விழுந்தால் கால்கள் நுரையாய்ப் பொங்கும். கையிலிருந்த குடையோ அளவைக் கருவிக்கு.

"எனக்குச் சளி பிடிச்சா கொத்தமல்லி குடிப்பேன். இவளுக்கு யாரு கசாயம் வைக்கிறது?" என்பார், கருவியைத் தட்டிக்கொடுத்து.

பூண்டுலோயாவில் வீடு வாங்கப் போனபோது அவரைத்தான் அழைத்தோம். தோட்டத்து லயத்தின் ஒற்றை அறைப் புகையில் வளர்ந்த என் மனைவி அந்த வீட்டில் பார்த்தது ஒன்றைத்தான்: ஜன்னல் வைத்த குசினி. ஆனால் குசினிச் சுவரோரம், அடுப்புக்கு நேராக ஓர் எல்லைக்கல் நின்றது. "அதுக்குக் கீழ எல்லாம் என் காணிங்க" என்றார் கீழ்ப்பக்கத்துக் கறுப்பையா அண்ணன்.

"அப்போ அடுப்பு நமக்கு, சட்டி அவருக்காங்க?" என்றாள் மனைவி. பாதிக் குசினியோடு வீடு வேண்டாம் என்று முடிவாகிவிட்டது.

நுரை ஐயா பழைய பிளானை விரித்தார். அளந்தார். சரிவில் இரண்டு தரம் வழுக்கினார். பிறகு கல்லின் அருகே குந்தி, நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"மழைக்குக் கல்லு நடக்குங்க அண்ணே, நானே பாத்திருக்கேன். ஆனா எல்லாம் பள்ளத்துக்குத்தான் நடக்கும். மேட்டுல ஏறுன கல்லை இன்னைக்குத்தான் பாக்கிறேன். பாவம், மூச்சு வாங்கியிருக்கும்."

கறுப்பையா அண்ணன் தன் போஞ்சிக் கொடிகளைப் பார்த்தார். "பூட்டிக் கெடந்த வீடுதானேங்க. கொடிக்கு வெயில் பத்தல."

ஐயா திட்டவில்லை. இரண்டு வீட்டாரும் சேர்ந்து தூக்கினால்தான் கல் சொன்ன இடத்தில் நிற்கும் என்பது அவர் சட்டம். எங்கள் கால்களிலும் அவர் பூசிவிட்ட சவுக்காரம். கல்லை நாங்கள் இறக்கினோமா, கல் எங்களை இறக்கியதா என்று இன்றும் தெரியாது. சேறு வழிய நின்ற கறுப்பையா அண்ணன்தான் முதலில் சிரித்தார். போஞ்சியும் அவர்தான் பறித்துக்கொடுத்தார்.

வீட்டை வாங்குவதென்று அன்றே முடிவாகி, அந்தக் குசினியில் முதல் தேத்தண்ணி கொதித்தது. ஐயா மூன்று கோப்பை குடித்தார். வீட்டில் அவருக்கு ஊற்றிக்கொடுக்க ஆளில்லை என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரியும்.

படியிறங்கும்போது குடையைக் கருவிக்குச் சாய்த்தபடி சொன்னார்: "கல்லு நடந்தா சொல்லியனுப்புங்க."

வளைவுவரை போனவர், நனைந்தபடியே திரும்பினார்.

"நடக்காட்டியும் சொல்லியனுப்புங்க."