ஹெப்சியின் நிறம் குறித்து அக்காவுக்கு ஒரு விளக்கம்

ஆம்பூர்,
ஞாயிறு மதியம்.

என்றும் என் மரியாதைக்குரிய அக்கா ஜெயபுஷ்பத்துக்கு,

தம்பி ஆபேல் பணிவோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் அம்பிகாவும் ஹெப்சியும் சுகம். அரக்கோணத்தில் நீயும் மாமாவும் சுகமாக இருக்கும்படி இன்று காலை ஆராதனையில்கூட ஜெபித்தேன். உன் இடுப்பு வலிக்காகத் தனியாக ஒரு ஜெபம் செய்தேன். இதை நான் சொல்லிக்காட்டுவதாக நினைக்க வேண்டாம்.

நீ என் நம்பரை பிளாக் செய்து இன்றோடு பதினேழு நாள் ஆகிறது. மாமா போனுக்குக் கூப்பிட்டால் அவர், "உங்க அக்கா பக்கத்துலயே நிக்குது, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறார். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. அதனால்தான் தபால். நீ கடைசியாக அனுப்பிய குரல் பதிவை நான் இன்னும் அழிக்கவில்லை. "பெத்த பொண்ணோட நிறத்தையே மாத்தி போட்டோ அனுப்பியிருக்கியே, நீயெல்லாம் ஒரு அப்பனா?" என்று கேட்டிருந்தாய். கேட்க உனக்கு ஆறு வினாடிதான் ஆனது. பதில் சொல்ல எனக்கு நாலு பக்கம் தேவைப்படுகிறது. கிழித்துப் போடாமல் கடைசி வரை படிக்க வேண்டும்.

நடந்தது இதுதான். சிட்டுநடை என்று ஒரு ஸ்கூல் ஷூ கம்பெனி வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு போட்டோ போட்டி வைக்கிறது. நாம் படம் அனுப்ப வேண்டும், அவர்கள் பன்னிரண்டு பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, மறுபடி நல்லபடியாகப் படம்பிடித்து, பஸ் ஸ்டாண்டு எதிரில் பெரிய போர்டாக வைப்பார்கள். போன வருஷ போர்டை நீ பார்க்கவில்லை. பன்னிரண்டு பிள்ளைகளும் பால்பவுடர் டப்பாவிலிருந்து இறங்கி வந்த மாதிரி. ஒன்றுக்கும் கண்ணாடி கிடையாது, பல் விழவில்லை, தலை கலையவில்லை. ஒரே பிள்ளைக்குப் பன்னிரண்டு சட்டை மாட்டி எடுத்துவிட்டார்களோ என்று சந்தேகம் வந்து இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். நம் ஊர் வெயிலில் இப்படிப் பன்னிரண்டு பேரை எங்கே பிடித்தார்கள் என்பதே ஆச்சரியம். ஹெப்சி போர்டைப் பார்த்து, "இவங்கள்லாம் எந்த ஊருப்பா?" என்று கேட்டாள். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் நின்று ஆம்பூர்ப் பிள்ளை கேட்கிற கேள்வியா இது? எனக்கு மனசு ஆறவில்லை. உன்னைப் பெண் பார்க்க வந்த மூன்று வீட்டாரும் காபியை முழுசாகக் குடித்துவிட்டு, "பொண்ணு கொஞ்சம் கலர் கம்மி" என்று சொல்லிப் போனது ஞாபகம் வந்தது. அப்போது எனக்குப் பதினோரு வயது. அந்த டம்ளர்களைக் கழுவியது நான்தான்.

என்னோடு தையல் பிரிவில் வேலை செய்கிற சர்தார் பாஷாவுக்கும் இதே ஆத்திரம். அவர் மகள் சைரா தடிமனான கண்ணாடி போட்ட பிள்ளை. போன வருஷம் அவளைத் தேர்ந்தெடுக்கவில்லை. "தோஸ்த், சும்மா உடக்கூடாது, ஒரு மனு போட்டுறலாம்" என்றார். எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. எப்படி எழுதினேன் தெரியுமா? 'கறுப்பு எங்கள் மண்ணின் நிறம், எங்கள் பிள்ளைகளின் உண்மையான முகத்தைக் காட்ட உங்களுக்கு அச்சம் ஏன்?' என்று கேட்டிருந்தேன். எண்பத்தாறு கையெழுத்து. கேன்டீனில் அதை உரக்கப் படித்தபோது கைதட்டல் அடங்கவே இல்லை, சாம்பார் ஊற்றுகிறவர்கூடக் கரண்டியை வைத்துவிட்டுத் தட்டினார். அம்பிகா மட்டும், "உங்களுக்கு எதுக்குங்க இந்த பேஜாரு? புள்ளைய படிக்க வைங்க போதும்" என்றாள். வரலாறு தெரியாதவள் என்று விட்டுவிட்டேன்.

சிட்டுநடை கம்பெனியில் விளம்பரம் பார்க்கிறவர் தௌசீப் அகமது என்று ஓர் இளைஞர். மனுவோடு சண்டை போடப் போனவனை உட்காரவைத்து டீ கொடுத்தால் என்ன செய்ய முடியும்? "நீங்க சொல்றது நூத்துக்கு நூறு கரெக்டு அண்ணே. இந்த வருஷம் எல்லா மாதிரி பிள்ளைங்களும் இருக்கணும்னு ஆபீஸ்லயே முடிவு பண்ணிட்டோம்" என்று ஒரு தாளைக் காட்டினார். அதில் பன்னிரண்டு கட்டம். கண்ணாடி போட்டது ஒன்று, பல் விழுந்தது ஒன்று, சுருட்டை முடி ஒன்று, குண்டு ஒன்று, ஒல்லி ஒன்று, முக்காடு ஒன்று, கிராமம் ஒன்று, கறுப்பு ஒன்று. மீதி நாலு கட்டத்தில் 'சாதாரணம்' என்று எழுதியிருந்தது. சாதாரணம்னா இன்னா தம்பி என்று கேட்டேன். "போன வருஷ மாதிரி அண்ணே" என்றார். டீ நன்றாக இருந்ததால் மேற்கொண்டு கேட்கவில்லை.

இப்போது உன் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். ஹெப்சியை நம் சர்ச் வாசலில் நிற்கவைத்துப் படம் எடுத்தேன். வெயில் பின்னால் இருந்தது, முகம் இருட்டாக விழுந்தது. என் போனில் 'அழகு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தொட்டேன். ஒரே தடவைதான். இரண்டாவது தடவை தொட்டது, முதல் தடவை தொட்டது சரியாகப் பதிந்ததா என்று பார்க்க. மூன்றாவது, விரல் தவறிப் பட்டது. நாலாவதை நான் மறுக்கவில்லை. மனுவில் எழுதினது கொள்கை, அக்கா. இது பிள்ளை. லைக் ஜாஸ்தி விழுந்தால் நல்லது என்றார்கள், அதனால் உனக்கும் அனுப்பினேன். ஒரே நாளில் நாற்பது தடவை அனுப்பியது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். அம்பிகா படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "யார் வூட்டுப் பொண்ணுங்க இது?" என்று கேட்டாள். கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். நிஜமாகவே கேட்டிருக்கிறாள்.

நாலாம் நாள் தௌசீப் கூப்பிட்டார். "அண்ணே, ஒரு சிக்கல். கறுப்பு கட்டத்துக்கு உங்க பொண்ணைத்தான் நெனச்சு வச்சிருந்தேன். போட்டோல பார்த்தா ரொம்ப செவப்பா இருக்குதே. சாதாரணத்துல போடலாம்னா அது நாலும் ஃபுல்லாயிடுச்சு."

"இல்ல தம்பி, நேர்ல பார்த்தா கறுப்பாத்தான் இருப்பா" என்றேன்.

"இப்ப எல்லா அப்பாவும் இப்படித்தாண்ணே சொல்றாங்க, கட்டம் கெடைக்கணும்னு" என்றார் அவர்.

என்ன செய்வது? மறுநாள் பர்மிஷன் போட்டுவிட்டு ஹெப்சியைக் கூட்டிக்கொண்டு போனேன். என் மகள் கறுப்புதான் என்று நிரூபிக்க அந்த ஆபீஸ் வராந்தாவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன் அக்கா, அவளை வெயில் படுகிற நாற்காலியில் உட்காரவைத்து. தௌசீப் வந்து பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார், பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தில் அவள் பேரை எழுதப் போனார். அப்ப எனக்கு இன்னா ஆச்சோ தெரியல, வாய் தானாப் பேசுது. "தம்பி, கறுப்புல போடாதீங்க. மாநிறம்னு போடுங்க" என்றேன்.

"மாநிறத்துக்கு கட்டம் இல்லியே அண்ணே."

"ஒண்ணு புதுசா போடுங்களேன், இன்னா இப்ப?"

"மனுல நீங்கதானே அண்ணே எழுதுனீங்க, கறுப்பு எங்க மண்ணோட நெறம்னு?"

"மண்ணு வேற தம்பி, எங்க வூட்டுப் பொண்ணு வேற!" என்று கத்திவிட்டேன். ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

ஹெப்சி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, நான் கறுப்புதான். ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரியும். உனக்கு மட்டும் யாரும் சொல்லலியா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. பாவம், அப்பாவுக்கு இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டதே என்கிற மாதிரி கேட்டாள். எட்டு வயது. "எழுதுங்க தம்பி" என்றேன். எழுதிவிட்டார்.

படம் எடுக்கிற நாளில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வரச் சொன்னார்கள். மேக்கப் போடுகிற அம்மாள் பஞ்சில் பவுடரை அப்பி ஹெப்சியின் கன்னத்துக்குக் கொண்டுபோனாள். ஹெப்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஆன்ட்டி, நான் கறுப்பு கட்டத்துக்கு வந்திருக்கேன். என்னை வெள்ளையாக்கிட்டீங்கன்னா அந்த எடத்துல யாரு நிப்பாங்க?" என்றாள். அந்த அம்மாள் தௌசீப்பைப் பார்க்க, அவர் தாளைப் பார்க்க, பஞ்சு டப்பாவுக்கே திரும்பிப் போனது. பக்கத்தில் போட்டோகிராபர் சைராவிடம், "கண்ணாடி பளபளக்குது, கழட்டுடா கண்ணு" என்றார். அவள் கழற்றினாள். தௌசீப் ஓடி வந்து, "சார், அதுதான் கண்ணாடிப் பிள்ளை! மாட்டச் சொல்லுங்க!" என்றார். கடைசியில் கண்ணாடியில்லாத வெறும் ஃபிரேமை மாட்டிவிட்டு எடுத்தார்கள். கேமரா எந்தப் பக்கம் என்றே தெரியாமல் அந்தப் பிள்ளை சுவரைப் பார்த்து அழகாகச் சிரித்தது. சர்தார் பாஷா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெருமையா துக்கமா என்று நான் கேட்கவில்லை. முகம் முடிந்ததும், ஷூ மாட்டிக் காலைத் தனியாக எடுக்க வேண்டும் என்று பிள்ளைகளை மட்டும் உள்ளறைக்குக் கூட்டிப்போனார்கள். நாங்கள் வெளியே நின்றோம்.

போன திங்கட்கிழமை போர்டு ஏறியது. ஷிப்டு முடிந்து நானும் சர்தார் பாஷாவும் கை கழுவாமல் ஓடினோம். போர்டில் முகமே இல்லை அக்கா. வெறும் கால். முட்டிக்குக் கீழே பன்னிரண்டு ஜோடிக் கால். முட்டி வரை வெள்ளை சாக்ஸ், அடியில் ஷூ. மேலே பெரிய எழுத்தில், 'எல்லாப் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளே.' சர்தார் பாஷா, "யா அல்லா, இதுல கண்ணாடி எங்கப்பா?" என்று கேட்டு அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். தௌசீப்புக்கு போன் போட்டேன். "மேல இருக்கறவங்க பயந்துட்டாங்க அண்ணே. பன்னெண்டு மாதிரி பிள்ளைய போட்டா, பதிமூணாவது மாதிரி ஒருத்தர் மனு கொண்டாருவாரு. கால் போட்டா யாரும் ஒண்ணும் கேக்க முடியாது பாருங்க. நாமளும் ஷூதானே விக்கிறோம்?" என்றார். யோசித்துப் பார்த்தேன். அவர் சொல்வதில் எங்கே தப்பு என்று இந்த நிமிஷம் வரை கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆனால் கேள். அங்கேயே பத்து நிமிஷம் நின்று பார்த்தேன். இடமிருந்து மூன்றாவது ஜோடி. வலது பாதம் கொஞ்சம் உள்பக்கம் திரும்பி நிற்கிறது. நம் அப்பா ரயிலுக்கு நிற்கும்போது நிற்பாரே, அச்சு அசல் அதேதான்! நீயும் அப்படித்தான் நிற்பாய். நம் ரத்தத்தை சாக்ஸ் போட்டு மறைக்க முடியுமா? அன்றிலிருந்து தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரையும் நிறுத்தி, "அது எம்பொண்ணு காலு" என்று காட்டுகிறேன். நேற்று பாஸ்டர் ஐயாவின் ஸ்கூட்டரையே நிறுத்திவிட்டேன். அவரும் ஹெல்மெட்டைக் கழற்றி நிதானமாகப் பார்த்து, "ஆமா ஆபேல், உங்க சாயல் நல்லா தெரியுது" என்றார். ஊழியக்காரர் பொய் சொல்ல மாட்டார்.

அக்கா, விளக்கம் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் இதில் விளக்கம் என்று ஒன்றும் இல்லை. பொத்தானைத் தொட்டது நான்தான். வெட்கப்பட்டதும் நான்தான், பிள்ளை வெட்கப்படவே இல்லை. உன் கோபம் நியாயம், மன்னித்துவிடு. சர்ச் வாசலில் எடுத்த படத்தை, எதையும் தொடாமல், அப்படியே கழுவி இத்துடன் வைத்திருக்கிறேன். முகம் கொஞ்சம் இருட்டுதான். ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தால் சிரிப்பு தெரியும். பிளாக்கை எடுத்துவிடு.

மாமாவுக்கு என் வணக்கம். நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல், கடன் இல்லாமல், நல்ல தூக்கத்தோடு நூறு வயது இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்ளும்,

உன் தம்பி,
ம. ஆபேல்

பின்குறிப்பு: அத்தை, நான் ஹெப்சி. கவர் ஒட்டச் சொல்லி அப்பா என்கிட்ட குடுத்தாரு, நான் படிச்சுட்டேன். எல்லாம் நிஜம்தான். கால் மட்டும் என்னுது இல்ல. எனக்குக் குடுத்த ஷூ பெருசு, கழண்டு கழண்டு விழுந்துச்சு. அதனால என்னை ஓரமா உக்கார வச்சு கேக் குடுத்துட்டு, போன வருஷம் போர்டுல மொதல்ல இருந்த பொண்ணு இந்த வருஷமும் வந்திருந்தா, வெள்ளையா இருப்பாளே, அவளையே ரெண்டு தடவை நிக்க வச்சு எடுத்துட்டாங்க. மூணாவது அவ காலு. அப்பாகிட்ட சொல்லாதீங்க. தெனமும் ஸ்கூல் விட்டு வரும்போது அங்க நிறுத்தி என்னையும் பார்க்கச் சொல்றாரு. அதனால நான் இப்ப வலது காலை உள்பக்கம் திருப்பி நிக்கப் பழகிட்டு இருக்கேன். கொஞ்சம் கொஞ்சம் வருது.