மாப்பிள்ளை வந்த மோட்டார்

சீவலப்பேரி தாண்டுவதற்குள் மோட்டார் மறுபடியும் இருமி, விக்கி, நின்றது.

"ஏலே எலியேசர், என்னலே இப்போ?" என்றார் சிவசண்முகம் பிள்ளை. பெண்ணைப் பெற்றவர். சீமைக்குக் கப்பலேறிய துரை விட்டுப்போன பழைய மோட்டாரை வாங்கி, மாப்பிள்ளையை ஸ்ரீவைகுண்டத்திலிருந்து அதில்தான் திருநெல்வேலிக்கு அழைப்பேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவர். சம்பந்தி வீட்டார் புத்திசாலிகள். வில்வண்டி கட்டி நேற்றே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பதினோரு மணிக்குள் தாலி ஏற வேண்டும். நாளைக்கு ஆடி பிறக்கிறது. முகூர்த்தம் தப்பினால் சம்பந்தமே கிடையாது என்று சம்பந்தி கறாராகச் சொல்லியிருந்தார்.

டிரைவர் எலியேசர் பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திருகித் திறந்தான். "எண்ணெய் நிறையக் கிடக்கு அய்யா." மூடினான். முன்னாலிருந்த கைப்பிடியைச் சுற்றினான். என்ஜின் உறுமியது.

"நில்லுலே, பொட்டெல்லாம் அழிஞ்சிட்டுல்லா!" பிள்ளையின் அக்கா ஞானம்பாள் சந்தனக் கிண்ணத்தோடு இறங்கினாள். விளக்கு, சக்கரம், மூடி என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்தாள். "ஊர்க்கண்ணு பொல்லாதது தம்பி."

அரை மைல் போகவில்லை. நின்றது.

"பாரம் ஜாஸ்தி," என்று பிள்ளை சீர்ப்பெட்டியை ரோட்டோரம் இறக்கிவைத்தார். எலியேசர் மூடியைத் திறந்து பார்த்தான், மூடினான், சுற்றினான். அக்கா பொட்டு வைத்தாள். வண்டி கொஞ்சம் ஓடி நின்றது.

"சூடு ஏறிட்டுலே!" பிள்ளை ஆற்றுத்தண்ணீரை மொண்டுவந்து என்ஜினில் ஊற்றினார். குபீரென்று ஆவி கிளம்பி, எட்டிப் பார்த்த மாப்பிள்ளை தாணுமாலையனின் முகம் சிவந்து வீங்கிவிட்டது. மறுபடியும் மூடி, மறுபடியும் பொட்டு.

அடுத்த தடவை, மூடியும் பொட்டும் ஆனபிறகு, "கொஞ்சம் தள்ளுங்க மாப்ளே," என்று கெஞ்சினார். மாப்பிள்ளை தள்ளினார். வண்டி சட்டென்று பாய, பட்டுவேட்டியோடு வயல் சேற்றில் குப்புற விழுந்தார். அவரைத் தூக்கிப்போட்டுக்கொண்டு பறந்தார்கள்.

திருநெல்வேலிக் கோபுரம் கண்ணில் பட்டது. மோட்டார் நின்றது. மணி பதினொன்று தாண்டிவிட்டது.

பிள்ளை நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டார். "நீலாம்பா, எம் மவளே! நான் அப்பன் இல்லட்டி, பாவி!" என்று வாய்விட்டு அழுதார்.

எலியேசர் மூடியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அய்யா, இதத் தொறந்தா வண்டி ஓடுது, மூடினா கொஞ்ச நேரத்துல நிக்குது. காத்து உள்ள போவ இதுல ஒரு பொத்தல் உண்டு. காத்து போனாத்தான் எண்ணெய் கீழ இறங்கும். அந்தப் பொத்தலக் காணோமே!"

"அதையா தேடுத?" என்று ஞானம்பாள் பெருமையோடு கிண்ணத்தை உயர்த்திக் காட்டினாள். "கண்ணேறு அது வழியாத்தான் உள்ள போவும்னு, ஒவ்வொரு தடவையும் நாந்தாம்லே சந்தனத்த அப்பி அடைச்சேன்!"