லயத்துச் சுவரில் முக்கோணம் ஆடவைத்தவர்கள்

இலங்கையின் சப்ரகமுவ மாகாணம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் முக்கோணம் அண்ணனைப் போலத் தோற்றுப்போன ஒரு சித்திரக்காரர் கிடைக்கமாட்டார். கஹவத்தைக்கு மேலே, எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுபவர். ஒருநாள் மகளின் பழைய போனில், வார்லி ஓவியம் கற்றுத்தரும் வீடியோவைப் பார்த்துவிட்டார். மகாராஷ்டிரத்துப் பழங்குடிகளின் சித்திரம் அது. செம்மண் சுவரில் வெள்ளைக் கோடு. முனையோடு முனை தொடும் இரண்டு முக்கோணம் உடம்பு, ஒரு வட்டம் தலை, குச்சிகள் கைகால். எல்லோரும் கைகோத்து வளையமாக ஆடுவார்கள். அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் ஒழிந்து, முக்கோணம் என்பதே பெயரானது.

சொல்லிக்கொடுத்த அம்மா பேசியது மராத்தி. இவர் போனைக் கும்பிட்டு, "கொஞ்சம் மெதுவா சொல்லுங்கம்மா" என்பார். அந்த அம்மா ஒருநாளும் கேட்டதில்லை.

வெள்ளைக்கு எங்கே போவது? ரப்பர் பால்தான்! தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் சுவரில் செம்மண் பூசி, குடியிருந்த எல்லோரையும் ஆளுக்கொரு உருவமாக வரைந்தார். விடிந்தபோது எல்லோரும் காய்ந்து பழுப்பாகியிருந்தோம். பிள்ளைகள் எங்களை உரித்து இழுத்து விளையாடினார்கள். என் கால் வாசல்வரை நீண்டது.

அடுத்து அரிசிமாவைக் கரைத்து வரைந்தார். எறும்புகள் ஊர்வலமாக வந்தன.

"ஒலைக்கு அரிசி இல்ல, செவுத்துக்குச் சோறு போடுறாரு!" என்று கத்தினார் மனைவி பார்வதி அக்கா.

"ஏசாத புள்ள. அதுகளும் ஆடத்தான் வந்திருக்கு."

கடைசியில், கோயிலுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளைப் பெயின்ட் கைகொடுத்தது. வளையம் அழியாமல் நின்றது. லயம்தான் நிற்கவில்லை. ஹோட்டல் வேலை, கடை வேலை என்று ஒவ்வொரு குடும்பமாகக் கொழும்புக்குப் போனது. நானும் போனேன்.

"இல்லாத ஆளு எப்படி ஆடுறது?" என்று, போனவர்கள்மேல் செம்மண் பூசி அழித்துவிடுவார். இடைவெளி தெரியக்கூடாதென்று மிச்சமிருந்தவர்களின் கைகளை நீட்டி வரைவார்.

அண்மையில் பார்க்கப் போயிருந்தேன். மகளின் பிரசவத்துக்குப் போன பார்வதி அக்கா, பேரனோடு கொழும்பிலேயே தங்கிவிட்டிருந்தார். சுவரில் ஒரே ஒரு ஆள், முக்கோணம். அவருடைய இரண்டு கைகளும் சுவர் முழுக்க வளையமாகப் போய் ஒன்றையொன்று பிடித்திருந்தன.

"அக்காவையுமா அழிச்சீங்கண்ணே?"

"சட்டம்னா எல்லாருக்கும்தான் தம்பி." சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மண்ணக் கொழச்சி கொழச்சி காயவிட்டேன். கை வரல்ல. அப்புறம் குடிச்சிட்டு வந்துதான் பூசினேன்."

"நீங்களும் கூடப் போயிருக்கலாமே?"

"வாடக வீடு. செவுத்துல ஆணியே அடிக்கக்கூடாதாம். ஆள வரைய விடுவாங்களா?"

சிரிக்க வாயைத் திறந்தேன். அவர் சிரிக்கவில்லை. பெயின்ட் தகரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார்.

"தங்குறதுன்னா சொல்லுங்க தம்பி. பெயின்ட் இன்னும் கொஞ்சம் இருக்கு."

கீழே பாதையில் கடைசி பஸ் ஹார்ன் அடித்தது. நான் செருப்பைக் கழற்றினேன்.